எக்ஸ்-மென்னா, ஜஸ்டிஸ் லீகா: வில்லனிடம் கணக்குக் கேட்கும் கதை எது?

சென்ற ஆண்டு தமுக்கத்தில் புத்தகத் திருவிழா முடிந்த கையோடு வீட்டு அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தேன். ஏதாவது ஒரு சூப்பர் ஹீரோ குழுவின் கதைகளை வரிசையாக வாங்கி அதில் அடுக்க வேண்டும், அக்கா மகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசை. அவளுக்குப் பதின்மூன்று வயது. சேர்த்து வைத்திருந்த பணத்துக்கு எக்ஸ்-மென் வாங்கலாம், இல்லையென்றால் ஜஸ்டிஸ் லீக் வாங்கலாம். முன்னது பிறவியிலேயே விசேஷ சக்தி இருப்பதால் மற்றவர்களின் வெறுப்புக்கு ஆளாகும் மியூட்டன்ட்களின் குழு; பின்னது சூப்பர்மேன், பேட்மேன் போன்ற பெரிய நாயகர்கள் சேர்ந்த குழு. இரண்டுக்கும் காணாது. செல்லூர் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, இரண்டு பக்கமும் பேர் சொல்லும் கதைகளைப் படித்துப் பார்த்த பிறகு எக்ஸ்-மென்னை எடுத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஓவியம், அச்சு, சண்டைக் காட்சி இவற்றிலெல்லாம் இரண்டும் சளைத்தவை இல்லை. சூப்பர்மேனையும் பேட்மேனையும் தெரியாத பிள்ளை மதுரையில் கிடையாது என்பதால் ஜஸ்டிஸ் லீகுக்குள் நுழைவது சுலபம். எக்ஸ்-மென்னில் முதல் பத்து இதழ் வரை யார் யார் என்று பிடிபடுவதே கஷ்டம். நான் பார்த்தது ஒரே விஷயத்தைத்தான். வில்லன் ஒரு கொடுமை செய்கிறான். ஐம்பது இதழ் தாண்டியும் அந்தக் கொடுமை அவன் கணக்கில் நிற்கிறதா?

யதார்த்தமான கதை என்று சொன்னாலே பலருக்கு ரத்தமும் இருட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் ஒரு குடும்பத்துக்கு ஒருவன் செய்த துரோகத்தை மூன்று தலைமுறை மறக்காது. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது கூட அது நினைவுக்கு வரும். நிஜ வாழ்க்கையின் இந்தக் கனம் கதையில் இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

சிவகாசிப் புத்தகங்களில் வளர்ந்தவன் நான். 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் அங்கிருந்து கிளம்பின. மதுரை பழைய புத்தகக் கடைகளில் அட்டை போன பிரதிகளைத் தேடித் தேடி வாங்கிய தலைமுறை எங்களுடையது. அந்தக் காமிக்ஸ்களின் நாயகர்களான இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு) எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஸ்பைடர் குற்றச் சக்கரவர்த்தியாகும் கனவோடு கிளம்பியவன். பிறகு அதே வேகத்தோடு மற்ற குற்றவாளிகளை வேட்டையாட ஆரம்பித்தான். மாயாவியும் முதல் கதையில் தவறான பாதையில் போனவர்தான். இருவரையும் இன்றைக்கும் நேசிக்கிறேன். ஆனால் பழைய கொள்ளைக்காக ஸ்பைடர் கூண்டில் ஏறிப் பதில் சொன்ன கதை எதுவும் என் கைக்குச் சிக்கவில்லை. சின்ன வயதில் அது உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது.

எக்ஸ்-மென்னின் முக்கிய வில்லன் மேக்னீட்டோ 1963 செப்டம்பரில், முதல் இதழிலேயே வந்துவிட்டான். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த அந்த மேக்னீட்டோ சாதாரண உலகப் பேராசைக்காரன்; காந்த சக்தி இருக்கிறது, அதனால் உலகம் தனக்கே வேண்டும் என்பான். 1975-ல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுத வந்தார், பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். ஒரே கை இத்தனை காலம் எழுதியதால்தான் கணக்கு தப்பாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1981-ல் வந்த 150-வது இதழைச் சொல்லியாக வேண்டும். வல்லரசுகள் அணு ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்று மேக்னீட்டோ கெடு வைக்கிறான். சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் லெனின்கிராட் அவனுடைய தீவின்மீது ஏவுகணை வீசுகிறது. பதிலுக்கு அவன் கப்பலை ஆட்களோடு சேர்த்துக் கடலடியில் அமிழ்த்துகிறான். பிறகு எக்ஸ்-மென் வந்து மோதுகிறார்கள். குழுவிலேயே இளையவள் கிட்டி பிரைட் அவனுடைய இயந்திரங்களைப் பாழாக்குகிறாள். கோபத்தில் அவளை அடித்து வீழ்த்துகிறான். கிட்ட வந்து பார்த்தால் அது ஒரு குழந்தை. அந்த இடத்தில்தான் அவன் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் வளர்ந்தவன் என்று முதன்முதலாகத் தெரிகிறது. செயலற்ற அந்தச் சிறுமியைக் கையில் ஏந்திக்கொண்டு, தன் சொந்தங்களைக் கொன்றவர்களைப் போலத் தானும் ஆகிவிட்டதை உணர்கிறான். கிட்டி பிழைத்துக்கொள்கிறாள்.

மதுரையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்குக் கண்ணகி நினைவு வராமல் போகாது. அநியாயம் செய்தவன் ஒருவன், எரிந்தது ஊர் முழுக்க. ஆனால் அவள் தீக்கடவுளிடம் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என்று விலக்கிச் சொல்லித்தான் ஏவினாள். மேக்னீட்டோ அப்படி யாரையும் விலக்கவில்லை. குழவி என்பது அடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. இந்த வித்தியாசம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

மொட்டை மாடியில் உட்கார்ந்து இந்த இதழை அக்கா மகள் படித்தாள். முடித்ததும் அழுவாள் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷம் பேசாமல் பக்கத்தைப் பின்னால் புரட்டிக் கப்பல் மூழ்கும் படத்துக்குப் போனாள். விரலை அதிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, இந்தப் பொண்ணு பொழச்சுக்கிருச்சு. அந்தக் கப்பல்ல இருந்தவங்கெல்லாம் செத்துட்டாங்கல்ல? அதுக்கு யாரு பதில் சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. "இருநூறு வரைக்கும் பொறு தாயி" என்று மட்டும் சொன்னேன்.

1985-ல் வந்த 200-வது இதழில் மேக்னீட்டோ பாரிஸ் நகரில் சர்வதேச நீதிமன்றத்தின் முன் நிற்கிறான். கப்பல் விவகாரம் அங்கே வருகிறது. நான்கு ஆண்டுகள், ஐம்பது இதழ்கள் கழித்து, கடலடியில் செத்த அந்த மாலுமிகளுக்காக ஒருவர் எழுந்து கேள்வி கேட்கிறார். படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வில்லன் செய்ததை எழுத்தாளர் மறக்கவில்லை, வாசகரையும் மறக்க விடவில்லை.

அந்த வழக்கில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. இடையில் ஒரு கதையில் மேக்னீட்டோ கைக்குழந்தையாக மாற்றப்பட்டு மறுபடி வளர்ந்தவன் என்பதால், அதற்கு முந்தைய குற்றங்களை நீதிமன்றம் தள்ளிவிடுகிறது. மறுபிறவிக்கு முந்தைய கடன் செல்லாது என்பது போன்ற வாதம். அக்கா மகள் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. தீர்ப்பு வருவதற்குள் நீதிமன்றத்தில் தாக்குதல் நடந்து எல்லாம் கலைந்துவிடுகிறது. எக்ஸ்-மென்னை உருவாக்கிய பேராசிரியர் சேவியர், உடல் நலிந்த நிலையில், மியூட்டன்ட் பிள்ளைகளுக்காக நடத்தும் தன் பள்ளிக்கூடத்தை அவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போகிறார். தண்டனையா, மன்னிப்பா என்று சொல்ல முடியாத ஒரு முடிவு. அவன் வகுப்பெடுக்கப் போகும் பிள்ளைகளின் முகத்தில் நம்பிக்கை இல்லை. நிஜத்தில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

இதற்கிடையில், 1982-ல், தனி நூலாக வந்தது 'காட் லவ்ஸ், மேன் கில்ஸ்'. பிரென்ட் ஆண்டர்சன் வரைந்தது. வில்லன் வில்லியம் ஸ்ட்ரைக்கர் மியூட்டன்ட்களை வெறுக்கும் ஒரு மதபோதகர். பறக்க மாட்டார், கண்ணில் நெருப்பு வராது. கையில் வேதப் புத்தகம், முன்னால் தொலைக்காட்சிக் கேமரா, அவ்வளவுதான். முதல் பக்கங்களில் அவருடைய ஆட்கள் மியூட்டன்ட்களான ஒரு அண்ணனையும் தங்கையையும் சுட்டுக் கொன்று பள்ளி மைதானத்து ஊஞ்சலில் கட்டிவிட்டுப் போகிறார்கள். விடிவதற்குள் வந்து அந்த உடல்களை இறக்குபவன் மேக்னீட்டோ. கடைசியில் மேடையில் ஸ்ட்ரைக்கர் கிட்டியை நோக்கித் துப்பாக்கியை நீட்டும்போது அவரைச் சுட்டு வீழ்த்துபவர் காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரர். சூப்பர் ஹீரோக்கள் அத்தனை பேர் நிற்க, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் அந்த முடிவை எடுக்கிறார். வெறுப்பைப் பேசிப் பேசிக் கூட்டம் சேர்க்கும் மனிதரை நாம் எல்லாரும் ஏதோ ஒரு மேடையில் பார்த்திருக்கிறோம். இதைவிட நிஜமான வில்லனைக் குழுக் கதைகளில் நான் படித்ததில்லை.

ஜஸ்டிஸ் லீக் பக்கம் வருகிறேன். 1960-ல் முதல் கதையிலேயே அவர்களுக்கு எதிரி ஸ்டாரோ, விண்வெளியிலிருந்து வந்த ராட்சத நட்சத்திர மீன். அதன் பிறகும் பெரும்பாலும் அளவில் பெரிய எதிரிகள்தான். சூப்பர்மேன் இருக்கும் குழுவுக்கு எதிரி மலையளவு இருக்க வேண்டும் என்பது நியாயமான கட்டாயம். ஆனால் மலை மனிதரைப் போல யோசிக்காது. கோள் கோளாக வரும் ஆபத்தில் செத்தவர்களின் எண்ணிக்கை அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது.

விதிவிலக்காக ஒரு நல்ல கதை உண்டு: 2000-ல் மார்க் வெய்ட் எழுதிய 'டவர் ஆஃப் பேபல்'. சக வீரர்கள் என்றாவது தடம் மாறினால் எப்படி அடக்குவது என்று பேட்மேன் ஒவ்வொருவருக்கும் ரகசியமாகத் திட்டம் எழுதி வைத்திருக்கிறான். பேட்மேனின் பழைய எதிரி ராஸ் அல் கூல் அதைத் திருடி அப்படியே பயன்படுத்துகிறான். செவ்வாய் கிரகத்து வீரனின் தோல் காற்றுப் பட்டதும் பற்றி எரிகிறது, கடலரசன் அக்வாமேனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். எல்லாம் முடிந்த பிறகு, பேட்மேன் குழுவில் இருக்கலாமா கூடாதா என்று நண்பர்களே ஓட்டுப் போடுகிறார்கள். அந்த ஓட்டெடுப்புக் காட்சி பிரமாதம். யோசித்துப் பார்த்தால் கணக்குக் கேட்கப்படுவது நாயகனிடம். ராஸ் அல் கூல் வெறும் திருடனாக ஒதுங்கிவிடுகிறான். இருந்தாலும் இந்தக் கதையை யார் கேட்டாலும் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

2004-ன் 'ஐடென்டிடி கிரைசிஸ்' விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. யதார்த்தம் என்று பலரும் கொண்டாடிய ஏழு இதழ்க் கதை அது. நாயகன் ஒருவனின் மனைவி கொல்லப்படுகிறாள். முன்பொரு நாள் டாக்டர் லைட் என்ற வில்லன் அவளுக்குச் செய்த பாலியல் கொடுமை வெளிவருகிறது. அதற்காக நாயகர்கள் அவன் மூளையையே மாற்றியிருக்கிறார்கள், தடுக்க வந்த பேட்மேனின் நினைவையும் அழித்திருக்கிறார்கள். நாயகர்களின் அந்தக் குற்றத்தை எடுத்த துணிச்சலைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது வாசகரை அதிர வைக்கும் கருவியாக மட்டும் நின்றுவிடுகிறது. அவள் வாயிலிருந்து அதைப் பற்றி நாம் எதுவும் கேட்பதில்லை. கொலையாளி யாரென்று தெரியும்போது, இன்னொரு நாயகனின் முன்னாள் மனைவி, புருஷன் திரும்பி வருவான் என்று நினைத்துச் செய்த காரியம் என்கிறார்கள். இவ்வளவு பாரத்தை அந்தக் காரணம் தாங்கவில்லை. அக்கா மகளிடம் இந்தப் புத்தகத்தை நான் கொடுக்கவில்லை.

இளம் நாயகர்களின் குழுவான டீன் டைட்டன்ஸையும் சிலர் சொல்வார்கள். 1980-ல் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் கொண்டுவந்த வில்லன் டெத்ஸ்ட்ரோக், செத்துப்போன மகன் ஒப்புக்கொண்ட கொலை வேலையை அப்பனாக ஏற்றுக்கொண்டவன். மேக்னீட்டோவுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஆள். குழுவுக்குள் துரோகம் நடக்கும் 1984-ன் கதையை மட்டும், அதுவும் ஒரே மூச்சில், இரவலில் படித்தேன். அதனால் முழுத் தொடரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை போதாது.

எக்ஸ்-மென்னை வாங்க நினைப்பவர்கள் இரண்டு குறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளேர்மான்ட் நிறைய எழுதுவார். ஒருவன் குத்து வாங்கிக்கொண்டே நாலு வரி பேசுவான். படம் ஏற்கனவே காட்டியதை எழுத்து மறுபடி சொல்லும். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறும் பிள்ளைகளுக்கு இது சிரமம். நாங்கள் ஓர் இதழை இரண்டு சாயங்காலங்களாகப் பிரித்துக்கொண்டோம்.

இரண்டாவது குறை பெரியது. 1991-ல் புதிய எக்ஸ்-மென் வரிசை எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாகித் தொடங்கியது. அதில் மேக்னீட்டோ மறுபடி எதிரியாகிறான். குழந்தையாக இருந்தபோது அவன் உடலில் ஒரு விஞ்ஞானி கைவைத்ததால்தான் இடைக்காலத்தில் திருந்தினானோ என்ற சந்தேகத்தையும் கதை கிளப்புகிறது. பத்து ஆண்டுகள் கட்டிய கணக்குப் புத்தகத்தில் மை கொட்டியது போல இருந்தது. அந்த வரிசையின் மூன்றாவது இதழோடு கிளேர்மான்ட் விலகினார். எங்கள் தட்டும் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும் வாங்கப் பணம் இல்லாதவர்கள் 'காட் லவ்ஸ், மேன் கில்ஸ்' ஒன்றை முதலில் வாங்குங்கள். தனி நூல், முன்கதை தெரிய வேண்டியதில்லை. அது பிடித்தால் 150, பிறகு 200. நடுவில் 161-ஐயும் பிடிக்க முடிந்தால் நல்லது. சேவியரும் மேக்னீட்டோவும் இஸ்ரேலில் நண்பர்களாக இருந்த நாட்கள் அதில் வருகின்றன.

அக்கா மகள் இப்போது 200-ஐத் தாண்டிவிட்டாள். மேக்னீட்டோ நடத்தும் பள்ளிக்கூடத்தில் தன்னைச் சேர்த்தால் போவதில்லை என்று உறுதியாகச் சொல்கிறாள். ஆனாலும் அவன் வரும் பக்கங்களை இரண்டு தடவை படிக்கிறாள். தட்டின் வலது ஓரத்தில் இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது. தீபாவளிக்கு 'டவர் ஆஃப் பேபல்' வாங்கி அங்கே வைக்கலாம் என்றிருக்கிறேன்.