லேபுக்கு எந்தப் பிராசசர்: 8085-ஆ, ஆர்மா, ரிஸ்க்-ஃபைவா?

எங்கள் கல்லூரியின் மைக்ரோபிராசசர் லேபில் இருபது 8085 கிட் இருந்தன, அதாவது 8085 பிராசசரில் பழகுவதற்கான, கீபேடும் டிஸ்ப்ளேயும் கொண்ட பயிற்சி போர்டுகள். சென்ற கல்வியாண்டு தொடங்கியபோது ஒழுங்காக ஓடியவை பதினொன்றுதான். சிலவற்றில் கீபேடு பட்டன் அழுந்தாது, சிலவற்றில் டிஸ்ப்ளேயில் ஓர் இலக்கம் எரியாது. இரண்டில், மாணவர்கள் வயரை மாற்றிச் செருகியதில் வெளிச் சாதனங்களை இணைக்கும் 8255 சிப் கருகியிருந்தது. பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி என்னிடம் வந்தது. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பயிற்சிகளை நாங்களே வகுத்துக்கொள்ளலாம். அதே 8085-இல் தொடர்வது, ஆர்ம் நிறுவனம் வடிவமைக்கும் பிராசசருக்கு மாறுவது, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுப்பான ரிஸ்க்-ஃபைவுக்கு மாறுவது என்று மூன்று வழிகள். நான் மூன்றாவதை எடுத்தேன். ஒரு பருவம் நடத்தியும் பார்த்துவிட்டேன்.

8085-ஐ இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது. 1976-இல் இன்டெல் வெளியிட்டது. 1997-இல் செவ்வாயில் ஊர்ந்த சோஜர்னர் ஊர்திக்குள் இருந்ததும் இதன் ஒரு வகைதான். மெமரி முகவரி 4100-இல் தொடங்கி எண்களை ஒவ்வொன்றாக அடித்து, கூட்டுவதற்கு 80, நிறுத்துவதற்கு 76 என்று உள்ளிட்டு, விடை சிவப்பாக மின்னும்போது வரும் மகிழ்ச்சியை வேறு எந்த போர்டும் தருவதில்லை. கட்டளை என்பது வெறும் எண்தான் என்பது அந்த நொடியில் விரலுக்கே புரிந்துவிடும். சிப்கள் சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பதால் கருகியதைப் பிடுங்கிவிட்டு சென்னை ரிச்சி தெருவில் வாங்கியதைச் செருகலாம். ஆனால் அதோடு பாதை முடிந்துவிடுகிறது. அங்கே கற்ற கட்டளைகளை மாணவர் வெளியே போய் வேறெங்கும் எழுதப் போவதில்லை.

ஆர்ம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையிலிருக்கும் போன் அநேகமாக அதுதான். சாதனங்களுக்குள் ஓடும் எம்பெடட் மென்பொருள் வேலைக்கான நேர்காணலில் கேட்பதும் அதைத்தான். புத்தகங்கள், பிழை தேடும் டீபக்கர்கள், பழகிய ஆட்கள் என எல்லாம் தயாராக இருக்கின்றன. வேலைவாய்ப்பு ஒன்றையே அளவுகோலாக வைத்தால் நானும் ஆர்மைத்தான் வாங்கியிருப்பேன்.

ஆர்மையும் ரிஸ்க்-ஃபைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ராஸ்பெர்ரி பை பிக்கோ 2 வசதியாக அமைந்தது. 2024 ஆகஸ்டில் 5 டாலர் விலையில் வந்த இந்தச் சின்ன போர்டிலுள்ள ஆர்பி2350 சிப்பில் ஆர்மின் கார்டெக்ஸ் எம்33 கோர்கள் (கட்டளைகளை ஓட்டும் பகுதிகள்) இரண்டும், ஹசார்ட்3 என்ற ரிஸ்க்-ஃபைவ் கோர்கள் இரண்டும் இருக்கின்றன. மெமரியும் பின்களும் பொது. கம்பைல் செய்யும்போது எதில் ஓட வேண்டும் என்று சொன்னால் போதும். ஒரே வரிசைப்படுத்தும் புரோகிராமை இரண்டிலும் ஓட்டினோம். முழு எண்களில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தசம எண்கள் வந்ததும் ஆர்ம் தெளிவாக முந்தியது. எம்33-இல் அதற்கென்றே வன்பொருள் இருக்கிறது, ஹசார்ட்3-இல் இல்லை. ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் வந்தாலும், ஆர்ம் எட்டு ரெஜிஸ்டர்களை (பிராசசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களை) ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் தானாகவே சேமித்துவிடும். ரிஸ்க்-ஃபைவில் அதை நாம் எழுத வேண்டும். பொருள் தயாரிப்பவருக்கு இது குறை. லேபில் எனக்கு அது வரம், ஏனென்றால் சேமிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதை மாணவர் கண்ணால் பார்த்துவிடுகிறார்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுவும் இல்லை. மூன்றாவது வாரம் இரண்டு பெரிய எண்களைக் கூட்டும் பயிற்சி. 8085-இல் கூட்டும்போது மிஞ்சுவதைக் குறித்து வைக்கும் கேரி ஃபிளாக் இருக்கிறது, அடுத்த பைட்டில் அதையும் சேர்த்துக் கூட்டலாம். "மேடம், இதுல கேரி எங்க போகுது?" என்று ஒரு மாணவி கேட்டாள். ரிஸ்க்-ஃபைவில் ஃபிளாக் ரெஜிஸ்டரே கிடையாது. கூட்டிய விடை, கூட்டிய எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் மிகுந்து போயிருக்கிறது என்று பொருள், அதை ஓர் ஒப்பீட்டுக் கட்டளையால் கண்டுபிடிக்க வேண்டும். "அப்போ ஒப்பிடறது எப்படி நடக்குது?" என்று அடுத்த கேள்வி வந்தது.

8085 கிட்டாக இருந்தால் கரும்பலகையில் ஒரு கட்டப்படம் வரைந்து நிறுத்தியிருப்பேன். ஆர்மில், கட்டளைகளின் கையேட்டை யாரும் படிக்கலாம், ஆனால் எம்33-இன் உள்வடிவமைப்பு உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும். ஹசார்ட்3-இன் உள்சுற்றை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் கோடு முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. புரொஜெக்டரில் போட்டோம். ஒப்பிடுவதற்காகத் தனியே எதையும் கட்டவில்லை. கூட்டும் சுற்றையே கழிக்க வைத்து, மேல் பிட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தங்கள் கையிலிருக்கும் சிப்புக்குள் ஓடுவது இந்த வரிகள்தான் என்று தெரிந்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. பதினாறு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன், ஒரு மாணவியின் கேள்வியை இவ்வளவு ஆழத்துக்குப் பின்தொடர முடிந்தது அதுவே முதல் முறை.

இந்தத் திறந்த தன்மை லேபுக்கு வெளியேயும் வேலை செய்கிறது. ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அடிப்படைக் கட்டளைகள் நாற்பது அளவில்தான். யாரும் உரிமக் கட்டணமின்றிச் சொந்தக் கோர் கட்டலாம். அதனால்தான் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழுவின் சக்தி பிராசசர் சாத்தியமானது. 2018-இல் அதன் ஒரு வடிவம் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்று நம் நாட்டிலேயே செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரிலும் சிப்பாகின. 2020-இல் ஆர்மை என்விடியா வாங்கப் போவதாக அறிவித்து, 2022 பிப்ரவரியில் அது கைவிடப்படும்வரை ஆர்மை நம்பியிருந்த நிறுவனங்கள் எத்தனை பதறின! ரிஸ்க்-ஃபைவின் கட்டளைத் தொகுப்பை அப்படி யாரும் விலைக்கு வாங்க முடியாது.

சிக்கலும் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் என்று எழுதியிருந்தாலே எல்லாம் ஒன்றாகிவிடாது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிஎச்32வி003 சிப்பை ஆசையாக வாங்கினோம். அதில் ரெஜிஸ்டர்கள் 16 மட்டுமே, பிக்கோவில் 32. பிக்கோவுக்கு எழுதிய அசெம்பிளி புரோகிராம்கள் சில இதில் ஓடவில்லை. கோரையே மாற்றி, உள்சுற்றை நாமே அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பில் ஏற்றும் பயிற்சியை ஒரே ஒரு போர்டில், நான்கு மாணவர்களோடு மட்டுமே செய்திருக்கிறேன். முழு வகுப்புக்கு அது தாங்குமா என்று இப்போதே உறுதி சொல்ல மாட்டேன். பிக்கோ கருகினால் 8085 போலச் சிப்பை மாற்ற முடியாது, போர்டையே தூக்கிப்போட வேண்டும். விலை குறைவு என்பதால் இதுவரை அது வலிக்கவில்லை.

கடைசியில் முப்பது பிக்கோ 2 வாங்கினோம். ஓடாத ஒன்பது கிட்டிலிருந்து நல்ல சிப்களைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன். ஓடும் பதினொன்றை முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் மேசைக்குக் கொண்டுவருகிறோம், எண்களை அடித்துப் பழக. மூன்றாவது வாரம், கேரியைத் தேடும்போது, பிக்கோவுக்கு மாறுகிறோம்.