மேலே 5532, உள்ளே வேறு: ப்ரீ ஆம்ப் கிட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கிய ப்ரீ ஆம்ப் கிட்டில் (ஆம்புக்கு முன்னால் மாட்டும் டோன், வால்யூம் போர்டு) நான் ஏமாந்த கதை இது. கடைப் பெயரைப் போடப் போவதில்லை. கையில் பில் இல்லாமல் பெயரைப் போட்டால் மாட்டிக்கொள்வது நான்தான். பில் ஏன் இல்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டில் டிடிஏ7294 என்ற பவர் ஆம்ப் ஐசியை வைத்து நானே கட்டிய ஸ்டீரியோ ஆம்ப் இருக்கிறது. ப்ளஸ் மைனஸ் 35 வோல்ட் சப்ளை, 8 ஓம் ஸ்பீக்கர். ஒரு குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் பாஸ், ட்ரெபிள், வால்யூம் என்று மூன்று குமிழ் வேண்டும் என்று ஆசை வந்தது, அவ்வளவுதான்.

“தம்பி, முன்னாடி கெயின் இருந்தாத்தான் ஆம்ப் முழுசா பேசும். இதுல பத்து மடங்கு கெயின். ரெண்டு ஐசியும் ஒரிஜினல் 5532” என்றார் கடைக்காரர். கெயின் என்றால் உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது; 5532 ஆடியோவுக்குப் பெயர்போன ஆப் ஆம்ப் ஐசி. நானும் தலையாட்டினேன்.

அங்கேயே நின்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டிருக்கலாம். டிடிஏ7294-இன் டேட்டாஷீட் சர்க்யூட்டில் கெயினை முடிவு செய்யும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் 22 கே (22,000 ஓம்), 680 ஓம். அதாவது கெயின் ஏறக்குறைய 33. 8 ஓமில் 70 வாட் எடுக்க வேண்டுமானால் அவுட்புட்டில் 23.7 வோல்ட் வர வேண்டும். அதை 33-ஆல் வகுத்தால் 0.7 வோல்ட். கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை எடுத்துத் தரும் என் யூஎஸ்பி டாக் கொடுப்பதோ 2 வோல்ட். ஆம்புக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. குறைக்க வேண்டிய இடத்தில் பத்து மடங்கு கூட்டுகிற போர்டை வாங்கி வந்திருக்கிறேன்.

மாட்டியதும் பாட்டு கரகரத்தது. வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் அதே கரகரப்பு, மெதுவாகக் கேட்டது, அவ்வளவே. இரண்டு நாள் எர்த்தையும் ஷீல்டு வயரையும் சந்தேகப்பட்டு மண்டை காய்ந்தேன். அப்புறம்தான் போர்டில் தடம் பிடித்துப் பார்த்தேன். வால்யூம் பாட் (குமிழின் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) கடைசியில் இருக்கிறது. முதல் ஐசி 2 வோல்ட்டை 20 ஆக்கப் பார்க்கிறது. ப்ளஸ் மைனஸ் 12 சப்ளையில் இந்த ரக ஐசியால் ஆர்எம்எஸ் கணக்கில் ஏழு, ஏழரை வோல்ட்டுக்கு மேல் தர முடியாது. சத்தம் உள்ளேயே வெட்டுப்பட்டுத்தான் வால்யூம் குமிழுக்கு வந்து சேர்கிறது. பிறகு வால்யூமைக் குறைத்து என்ன பயன்?

சரி, இது என் அறியாமை என்று விட்டுவிடலாம். ஐசி விஷயம் அப்படி இல்லை.

கெயினைக் குறைக்கலாம் என்று சாக்கெட்டிலிருந்து ஐசியைக் கழற்றியபோது, மேல்பரப்பு சொரசொரவென்று இருந்தது. ஒன்றாம் கால் பக்கமிருக்கும் குழி பாதி தேய்ந்திருந்தது. நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். 5532 என்ற எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. மையில் அச்சடித்த பழைய ஒரிஜினல்களும் அழியக்கூடும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. மல்டிமீட்டரை டயோட் மோடில் வைத்து 2, 3 ஆம் கால்களில் தொட்டேன். அசல் 5532-இல் அந்த இரண்டு கால்களுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு டயோட் உள்ளேயே இருக்கும். புரோபை எப்படி மாற்றி வைத்தாலும் 0.6, 0.7 என்று காட்ட வேண்டும். இது இரண்டு பக்கமும் ஓஎல், அதாவது கரன்ட் போகும் வழியே இல்லை. சப்ளை கரன்டையும் அளந்தேன். 5532 சாதாரணமாக 8 மில்லி ஆம்ப் எடுக்கும். இது மூன்றரைதான் எடுத்தது. எல்லாமாகச் சேர்த்துப் பார்த்தால் 4558 என்ற வேறு ஆப் ஆம்ப் ஐசியைத் தேய்த்து மேலே வேறு பெயர் அடித்தது போலத்தான் இருக்கிறது. 4558 கெட்ட ஐசி இல்லை, எத்தனையோ டோன் போர்டுகளில் காலம் காலமாக ஓடுகிறது. 4558 என்று சொல்லி அதற்குண்டான விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சந்தேகம் வந்துவிட்டதால் வால்யூம் பாட்டையும் அளந்தேன். மேலே ஏ50கே, அதாவது லாக். பாதி திருப்பத்தில் லாக் பாட் மொத்தத்தில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் காட்ட வேண்டும். இது கச்சிதமாக 25 கே காட்டியது. லீனியர். வால்யூமுக்கு அதைப் போட்டால் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறிவிடும்.

எடுத்துக்கொண்டு போனேன். “சால்டர் வச்சத யாரு தம்பி திருப்பி எடுப்பா?”

“ஐசி சாக்கெட்லதாண்ணே இருந்துச்சு, அதுல சால்டரே படல.”

“சரி, பில்லு எங்க?”

அவர் எனக்குக் கொடுத்தது எஸ்டிமேட் என்று போட்ட ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. வாங்கும்போது ‘பில் போட்டா ஜிஎஸ்டி கூட வரும்’ என்றார், நானும் கொஞ்சம் மிச்சம் என்று சரி சொல்லிவிட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன், இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யார் மேல் புகார் கொடுப்பது என்று வைத்துவிட்டேன். இனி ஐம்பது ரூபாய் பொருளானாலும் பில் இல்லாமல் வாங்குவதில்லை. கடையிலேயே மீட்டரை எடுத்து 2, 3 ஆம் கால்களைத் தொட்டுப் பார்க்கவும் கூச்சப்படுவதில்லை. மீட்டரைக் கண்டதும் “வேற கடை பாருங்க” என்று ஒருவர் சொல்லியும் இருக்கிறார்.

கரகரப்புக்கு வைத்தியம் சுலபமாக முடிந்தது. முதல் ஐசியின் ஃபீட்பேக்கிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 1 கே ரெசிஸ்டரை இரண்டு சேனலிலும் பிடுங்கினேன். கெயின் பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டது, சிக்னலைக் கூட்டாமல் அப்படியே கடத்தும் வெறும் பஃபர். இரண்டு 5532-ஐ பில்லோடு வேறு இடத்தில் வாங்கி மாட்டினேன். பாட்டு சுத்தமாக வருகிறது. வால்யூம் பாட்டை மட்டும் இன்னும் மாற்றவில்லை. குமிழைக் கால்பங்குக்கு மேல் யாரும் திருப்பக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.