சுத்தம் செய்வதா, ஃபார்மட்டா, லினக்ஸா: மெதுவான கணினிக்கு எது பலிக்கும்?

வீட்டுக் கணினி ஊர்ந்து போக ஆரம்பித்ததும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். தேவையில்லாததை எடுத்துப்போட்டுச் சுத்தம் செய், ரீசெட் கொடு, ஃபார்மட் அடித்துவிடு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடு, கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போடு. இந்த ஐந்துக்கும் புதிதாக எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். ஆனால் ஐந்தும் ஒரே நோய்க்கு மருந்தல்ல. ரேம் போதாமல் திணறும் கணினியை ஃபார்மட் அடித்தால் ஒரு வாரம் நன்றாக ஓடும், பழைய புரோகிராம்களையெல்லாம் திரும்ப ஏற்றியதும் மறுபடி அதே நிலைமைக்கு வந்துவிடும். அதனால் எதில் கை வைப்பதற்கு முன்பும் பத்து நிமிடம் ஒதுக்கி, எங்கே அடைக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

அடைப்பு எங்கே?

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் விட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி ஆன் செய்வது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதி டிஸ்க்கில் பத்திரமாகி, அடுத்த நாள் அப்படியே எழுந்து வருகிறது. தினமும் அணைக்கிற கணினியில்கூட சிபியு பக்கத்தில் 'அப் டைம்' இருபது நாள் என்று காட்டுவது இதனால்தான். சில கணினிகளுக்கு ஒரு ரீஸ்டார்ட்டே போதும்.

அடுத்து டிஸ்க்கைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அடிக்கடி தெரியும் காட்சி ஒன்று உண்டு: பயன்பாடு 100% என்று நிற்கும், ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பிகூட இருக்காது. முழு வேலையும் செய்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை! காரணம் எளிது. சுழலும் தட்டின் மேல் ஹெட் நகர்ந்து நகர்ந்துதான் படிக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேர ஏறத்தாழ 10 மில்லிநொடி பிடிக்கும், அதனால் நொடிக்குச் சுமார் நூறு தாவல்தான். ஒவ்வொரு தாவலுக்கும் 4 கேபி துண்டு ஒன்று கிடைத்தால் மொத்தம் 400 கேபி. அதே டிஸ்க், தொடர்ச்சியாகக் கிடக்கும் ஒரு பெரிய வீடியோவைப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பியைத் தொடும். ஆக, இங்கே பிரச்சினை டிஸ்க்கின் கொள்ளளவு அல்ல. ஒரே நேரத்தில் பத்துப் புரோகிராம்கள் அதைப் பத்துத் திசைக்கு இழுப்பதுதான்.

மெமரி பக்கத்தில் 'கமிட்டட்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உங்கள் ரேமின் அளவைத் தாண்டி வெகுவாகப் போயிருந்தால், மிச்சம் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்த கணினி உயிரை வாங்குவது இந்த இடத்தில்தான். ரேம் நிரம்பியதால் டிஸ்க் 100% ஆகிறது, நாம் டிஸ்க்கின் மேல் பழி போடுகிறோம்.

சிபியு பக்கத்தில் 'பேஸ் ஸ்பீட்' 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, வேலை நடக்கும்போதும் நிகழ்வேகம் 0.8-லேயே நின்றால் மென்பொருளைத் தொடவே வேண்டாம். ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறியிருக்கும், அல்லது பவர் மோட் சிக்கனத்தில் இருக்கும், அல்லது லேப்டாப் தன் சார்ஜரை அடையாளம் காணாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

சுத்தம் செய்தல்

8 ஜிபி ரேம் உள்ள கணினிக்கும், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இருந்தும் மந்தமாக இருக்கும் கணினிக்கும் பெரும்பாலும் இதுவே போதும். ஒரு மணி நேர வேலை, எதையும் இழக்க மாட்டீர்கள்.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் 'ஹை இம்பாக்ட்' என்று குறித்தவற்றை முதலில் பாருங்கள். சாட் செயலிகள், கேம் லாஞ்சர்கள், பிரின்டர் உதவிப் புரோகிராம்கள், பிரவுசரின் பின்னணிச் சேவை எதுவும் கணினியோடு சேர்ந்து எழ வேண்டியதில்லை. டிசேபிள் கொடுத்தால் புரோகிராம் அழியாது, தேவைப்படும்போது நீங்கள் திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸ், டச்பேட், சவுண்ட் சம்பந்தமானவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். கணினியோடு இலவசமாக வந்து காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இடம் காலியாக்க செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போகலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் ஒரு வரியாக இருக்கும். அதற்கு டிக் போட்டால் நீங்கள் இறக்கிவைத்த அத்தனை கோப்பும் போய்விடும், கவனம். சி டிரைவில் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டி இன்னும் இன்னும் காலி செய்தாலும் வேகம் கூடாது. ஐம்பது ஜிபி காலி செய்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று சலித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். டிஸ்க் நிரம்பி வழிந்திருந்தால் ஒழிய, இடத்துக்கும் வேகத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை.

ஹார்ட் டிஸ்க் என்றால் மட்டும் டீஃப்ராக், அதாவது சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்று சேர்ப்பது. எஸ்எஸ்டியில் தாவும் ஹெட் கிடையாது, அதற்கு டீஃப்ராக் பயனில்லாத தேய்மானம். விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பகுதி இரண்டையும் தானே பிரித்தறிந்து, எஸ்எஸ்டிக்கு டிரிம் (எந்த இடமெல்லாம் காலி என்று அதற்குத் தெரிவிப்பது) கொடுக்கும். அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே நல்லது. காட்சி அலங்காரங்களை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று அணைப்பவர்கள், எழுத்துகளின் ஓரத்தை மென்மையாக்கும் டிக்கை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்தின் வளைவுகள் பல்பல்லாகத் தெரியும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் என்ற பெயர்களில் வரும் புரோகிராம்கள் இந்த வழியின் குறுக்குச் சாலைபோலத் தோன்றும். வேண்டவே வேண்டாம். ரேம் பூஸ்டர் செய்வது, ஓடும் புரோகிராம்களின் நினைவகத்தை வலுக்கட்டாயமாக டிஸ்க்குக்குத் தள்ளுவது. 'காலி ரேம்' எண் உயரும், அடுத்த நொடி நீங்கள் பிரவுசரைத் தொட்டதும் அத்தனையும் டிஸ்க்கிலிருந்து திரும்பி வர வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சில நூறு வரி குறைந்தால் வேகம் கூடாது, தவறான வரி போனால் புரோகிராம் திறக்காது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

ரீசெட்டும் ஃபார்மட்டும் ஒன்றல்ல

இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம், ஆனால் வித்தியாசம் பெரிது. ரீசெட்டில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் உங்கள் ஆவணங்கள் இருக்கும், நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் போய்விடும். போனவற்றின் பட்டியல் ஒன்று டெஸ்க்டாப்பில் கிடைக்கும். பென் டிரைவ் தேவையில்லை. குறை என்னவென்றால், கணினி நிறுவனம் ஏற்றி அனுப்பிய தேவையற்ற புரோகிராம்களும் திரும்பி வர வாய்ப்புண்டு. விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களே கெட்டிருந்தால் ரீசெட் பாதியில் நின்று, 'எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்று சொல்லிவிடும். 'கிளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுத்தால் புதிய பிரதி இறங்கும், சுமார் 4 ஜிபி டேட்டா ஆகும். 'கிளீன் டேட்டா' என்பது கணினியைக் கைமாற்றும்போது மட்டும். வீட்டிலேயே வைத்துக்கொள்ளப்போகும் கணினிக்கு அது மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும் வீண் வேலை.

ஃபார்மட் அடித்துப் புதிதாக ஏற்றுவதுதான் சுத்தமான வழி. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை எழுதி, அதிலிருந்து கணினியை பூட் செய்ய (தொடங்க) வேண்டும். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கணினிக்குப் பெரும்பாலும் கீ கேட்கும் இடத்தில் 'என்னிடம் கீ இல்லை' என்று தாண்டிவிடலாம். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்திருக்கும், இணையம் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். முன்பு ஹோம் இருந்தால் இப்போதும் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடங்குமுன் வைஃபை டிரைவரை வேறொரு பென் டிரைவில் இறக்கிவையுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் ரெகவரி கீயையும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வையுங்கள்.

புதிதாக ஏற்றிய முதல் நாள் வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அப்டேட்கள் இறங்கும், தேடலுக்கான இண்டெக்ஸ் உருவாகும், டிஃபெண்டர் முழு டிஸ்க்கையும் துழாவும். ஹார்ட் டிஸ்க்கில் இது சில மணி நேரம் நீளும். இரவு முழுக்க ஆன் செய்து விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

ரீசெட்டா ஃபார்மட்டா என்றால், பேக்கப் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஃபார்மட்தான். ரீசெட்டின் ஒரே அனுகூலம் பென் டிரைவ் வேண்டாம் என்பது. எப்படியும் பேக்கப் எடுத்தாக வேண்டும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற சொல்லை நம்பி பேக்கப் எடுக்காமல் இறங்கினால், நடுவே கரண்ட் போனால் கோப்புகளுக்கு உத்தரவாதம் இல்லை.

விண்டோஸ் 10-ஐயே திரும்ப ஏற்றுவதில் இன்னொரு யோசனை தேவை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் சிபியு என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதில் தேறாத கணினிக்கு அடுத்த வழிதான் நியாயமானது.

லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ

4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. இந்த மூன்றும் ஒரே கணினியில் இருந்தால் ஐந்து வழிகளில் இதுவே முதல் தேர்வு. லினக்ஸ் மின்ட் மூன்று முகங்களில் வருகிறது: சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ. பழைய கணினிக்குக் கடைசியில் சொன்னதை எடுங்கள். உள்ளே நுழைந்ததும் விண்டோஸ் 10 சுமார் 2 ஜிபி ரேமைப் பிடித்து உட்காரும் கணினியில், இது 1 ஜிபியை ஒட்டி நின்றுவிடும். பின்னணியில் டிஸ்க்கைக் குடையும் வேலைகளும் வெகு குறைவு. 22-ம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

ஆனால் இணையப் பக்கங்கள் லினக்ஸில் இளைத்துவிடாது. விண்டோஸில் 400 எம்பி பிடிக்கும் ஒரு கனத்த பக்கம் இங்கேயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் பிடிக்கும். கூடுதலாகக் கிடைக்கும் 1 ஜிபி என்பது இப்படிப்பட்ட இரண்டு, மூன்று டேப். அதற்கு மேல் திறந்தால் லினக்ஸும் உறையும். சொல்லப்போனால் ரேம் முற்றிலும் தீரும்போது லினக்ஸ் விண்டோஸைவிட மோசமாக, மவுஸ்கூட நகராமல் நிற்பதுண்டு.

இன்ஸ்டால் செய்யுமுன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் எழுதாது. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர், கேமரா, பிரின்டர் வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் லேப்டாப் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வைஃபை தெரியாவிட்டால் செல்போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பலமுறை அங்கேயே தீர்வு கிடைக்கும். இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஸ்டோரேஜ் மோட் இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கலாம், அதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைச் சும்மா மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. அதை முதலில் சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் டெஸ்க்டாப் பதிப்பு இதில் ஓடாது. லிப்ரே ஆஃபீஸ் சாதாரணக் கடிதம், கணக்குத் தாளுக்குத் தாராளம். மேக்ரோ நிறைந்த எக்ஸெல் கோப்புதான் உங்கள் பிழைப்பு என்றால் மாறாதீர்கள்.

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ்

பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது மின்ட்டைவிட எளிது. அப்டேட்கள் தானாகவே இறங்கிக்கொள்ளும். 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் கேட்கும். விண்டோஸோடு சேர்த்து வைக்க முடியாது, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும். பிளே ஸ்டோர் செயலிகளும் இதில் கிடையாது. கூகுளின் குரோம்புக் லேப்டாப்பில் ஓடும் செல்போன் ஆப் எல்லாம் வரும் என்று நம்பி மாறியவர்கள் ஏமாறுவது இங்கேதான். இணையம் விட்டுவிட்டு வரும் வீட்டுக்கு மின்ட்டே மேல்.

ஐந்தும் பலிக்காத ஒரு நிலை

கணினி சில நொடி முழுதாக உறைந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடினால், 'டிக் டிக்' சத்தம் கேட்டால், இன்ஸ்டால் பாதியில் நின்றால், டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். பூஜ்ஜியம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டே போனால் டீஃப்ராக், ரீசெட், ஃபார்மட் எதையும் அந்த டிஸ்க்கில் செய்யாதீர்கள். அத்தனையும் அதற்குக் கூடுதல் வேலைதான், உள்ளே இருப்பதும் சேர்ந்து போகும். லினக்ஸ் மின்ட் பென் டிரைவ் கையில் இருந்தால் அதிலிருந்து பூட் செய்து, விண்டோஸை எழுப்பாமலேயே யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய், படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். மிக முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்கள், மொத்தத்தையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள்.