தேனீ என்று நினைத்த ஈ: ஐநேச்சுரலிஸ்ட் செயலியோடு நாலு வருடம்

செடி, பூச்சி, பறவை என்று கண்ணில் பட்ட உயிரைப் படமெடுத்துப் போட்டால், அது என்னவென்று செயலியும் மற்ற பயனர்களும் பெயர் சொல்கிற இடம் ஐநேச்சுரலிஸ்ட். அதில் நான் போட்ட முதல் பதிவு ஒரு தேனீ. உடம்பில் மஞ்சளும் கறுப்புமாக வரி, பூவின் நடுவில் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தது. செயலி காட்டிய பெயர்ப் பட்டியலில் மூன்றாவதாக வேறொன்று இருந்ததை நான் சட்டையே செய்யவில்லை. சூழலியல் படிக்கிறவனுக்குத் தேனீகூடவா தெரியாது? பெயரை நானே அடித்துப் பதிவேற்றிவிட்டுத் தூங்கிப்போனேன்.

காலையில் முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தார். இறக்கை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், உணர்கொம்பின் நீளத்தையும் பாருங்கள் என்று. படத்தைப் பெரிதாக்கினேன். இறக்கை ஒரே ஒரு ஜோடி. தேனீக்கு இரண்டு ஜோடி இருக்க வேண்டும். உணர்கொம்பு கண்களுக்கு நடுவே சின்ன முளை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. முகத்தில் பெரும்பகுதி கண்தான். சந்தேகமே இல்லை, தேனீ வேஷம் போட்ட ஈ. கொட்டும் பூச்சி என்று பறவைகள் ஏமாந்து விலகட்டும் என்பதற்கான வேஷம். பறவையோடு நானும் ஏமாந்திருக்கிறேன். பட்டியலில் மூன்றாவதாக இருந்ததும் அந்த ஈதான்.

அந்த இரண்டு வரிதான் இந்தச் செயலியில் எனக்குப் பிடித்தது. படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் வசதியை எல்லோரும் புகழ்கிறார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் போதுமான படங்கள் கிடைத்த இனங்களைத்தான் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். அரிதான ஒன்றைக் காட்டினால், தனக்குத் தெரிந்ததில் பக்கத்துச் சாயல் உள்ளதைச் சொல்லும். இறக்கையை எண்ணிப் பார் என்று சொல்ல அதற்குத் தெரியாது. மனிதர்கள் சொல்வார்கள்.

இதன் பூர்வீகமும் பல்கலைக்கழகம்தான். 2008-ல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் முதுகலைப் படிப்பின் இறுதிச் செயல்திட்டமாகச் செய்தது. நம்மில் பலருடைய செயல்திட்டம் அட்டை போட்டுத் துறை அலமாரியில் தூங்குகிறது. இது வளர்ந்து, 2014-ல் கலிபோர்னியா அறிவியல் அகாடமியின் கைக்குப் போய், 2017-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் சொசைட்டியும் சேர்ந்துகொண்டு, 2023-ல் தனி லாப நோக்கற்ற அமைப்பாக வெளியே வந்தது. பயன்படுத்தக் காசு கிடையாது.

சரி, ஆராய்ச்சிக்கு உதவுமா? என் ஆய்வு பூக்கும் காலம் பற்றியது. வெப்பம் கூடக்கூடச் சில செடிகள் முன்னதாகவே பூக்கின்றன, அவற்றை நம்பியிருக்கும் பூச்சிகள் அதே கணக்கில் முன்னால் வருவதில்லை. இதைப் பார்க்க வருடக்கணக்கில், பல இடங்களிலிருந்து, தேதி போட்ட படங்கள் வேண்டும். ஒரு ஆராய்ச்சி மாணவன் தனியாக அலைந்து சேர்க்கக்கூடியது இல்லை. இங்கே ஒவ்வொரு செடிப் படத்திலும் மொட்டு, பூ, காய் என்று குறித்து வைக்கலாம். அந்தக் குறிப்புகள்தான் என் ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயம்.

முதல் தடவை தரவை இறக்கியபோது தலைகால் புரியவில்லை, அவ்வளவு இருந்தது. அப்புறம் சலிக்க ஆரம்பித்தேன். ஒரு பதிவு 'ஆய்வுத் தரம்' பெறத் தேதி, இடம், படமோ ஒலியோ இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் ஒரே இனப் பெயரைச் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். வளர்த்த செடி என்று குறித்தவை இந்தத் தரத்துக்கு வராது. குறிக்க மறந்த தொட்டிச் செடிகளோ வந்துவிடும். தொட்டியில் வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்துப் பூப்பதை வைத்துக்கொண்டு பருவநிலை பேச முடியாது. படம் படமாகத் திறந்து பார்த்துத் தூக்கினேன். இடத் துல்லியம் மோசமானவற்றையும் கழித்தேன். அந்த வகையில் என் சொந்தப் பதிவுகளே பதினைந்து போயின. ஜிபிஎஸ் இல்லாத கேமராவில் எடுத்த தும்பிப் படங்களை அறையில் உட்கார்ந்து ஏற்றியபோது இடம் மாற்ற மறந்துவிட்டேன். வரைபடத்தில் பதினைந்து தும்பிகளும் விடுதிக் கட்டடத்துக்குள் பறந்துகொண்டிருந்தன.

சலித்த பிறகும் ஒரு கோணல் மிச்சமிருக்கும். ஆட்கள் நடமாடுகிற இடத்தில்தான் பதிவு விழும். சாலையோரம், ஊர்ப்புறம், விடுமுறை நாள். பூத்த செடியைப் படமெடுக்கிறவர்கள் பூக்காததைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் பதிவு இல்லை என்பதால் அங்கே அந்த உயிர் இல்லை என்று ஆகிவிடாது. பறவை பார்க்கிறவர்களுக்கான இபேர்ட் தளத்தில் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் பார்த்தோம் என்று பட்டியலோடு சேர்த்துப் பதியலாம். இங்கே அந்தக் கணக்கு இல்லை. எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்று கேட்கிற ஆய்வுக்கு இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கட்டுரையில் மேற்கோள் காட்டுவதென்றால், தரவை ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய உயிரினப் பதிவுத் தரவுத்தளம் வழியாக இறக்குங்கள். ஆய்வுத் தரப் பதிவுகளில், மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்தவை அங்கே போகின்றன, ஒவ்வொரு இறக்கத்துக்கும் தனி அடையாள எண்ணும் கிடைக்கும்.

இடத்தை மறைக்கும் வசதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அருகிவரும் இனங்கள் பலவற்றுக்கு உண்மையான புள்ளி பொதுவில் தெரியாது. 0.2 பாகைக்கு 0.2 பாகை கட்டத்துக்குள் எங்கேயோ ஒரு புள்ளியைக் காட்டும். நிலநடுக்கோட்டருகே அது பக்கத்துக்கு 22 கிலோமீட்டர். என் வரைபடத்தில் பூக்கள் ஏரிக்குள் விழுந்தபோது எரிச்சல்தான் வந்தது. அப்புறம் சீனத்துப் பல்லி ஒன்றின் கதையைப் படித்தேன். 1999-ல் அதை அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். வளர்ப்புக்காகப் பிடித்து விற்கிறவர்கள் கிளம்பிப் போய், விவரிக்கப்பட்ட இடத்திலேயே அது இல்லாமல் செய்துவிட்டார்கள். இடம் தெரியாமல் நான் படுகிற பாடு சின்னதுதான்.

இன்னொரு விஷயம். 'வளரும் பருவநிலைத் தலைவர்கள்' என்ற பெயரில் நடக்கும் பயிலரங்குகள் மூன்றுக்குப் போயிருக்கிறேன். கழுத்தில் அட்டை, குழுப்படம், சான்றிதழ். தப்பில்லை, நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால் எங்கள் துறையில் சிலந்தி பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் பேராசிரியர்கள் உட்படப் போய் நிற்பது ஓர் இளங்கலை மாணவியிடம். பயிலரங்கு எதற்கும் போகாதவள். தினமும் இரவு அரை மணி நேரம் இந்தத் தளத்தில் பெயர் கேட்டு நிற்கும் சிலந்திப் படங்களைத் திறந்து, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை விட்டுவிடுவாள். அவள் சொன்ன பெயரை அவ்வப்போது யாராவது திருத்துவார்கள். "திட்டு வாங்கித்தான் அண்ணா கத்துக்கிட்டேன்" என்றாள். படம் போடுகிறவர்கள் ஏராளம், பெயர் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மாணவர்கள் உட்கார வேண்டிய பக்கம் அதுதான் என்பது என் கட்சி. யோசிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்துகிற பக்கம் அல்ல. இரண்டு பேர் அப்படி அழுத்தினால் தப்பான பெயருக்கே ஆய்வுத் தரம் வந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் இவர்களுடைய சீக் செயலி போதும். கணக்கு தொடங்காமலே கேமராவை நீட்டிப் பார்க்கலாம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். புதிதாக வருகிறவர்கள் ஒரு உயிரை ஒரே படத்தோடு விட்டுவிடாதீர்கள். காளான் என்றால் குடையின் அடிப்பக்கம், செடி என்றால் இலையின் பின்பக்கம், பூச்சி என்றால் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும். என் முதல் ஈ எந்த இனம் என்று முடிவாகாமல், நாலு வருடமாகப் பேரினப் பெயரோடு நிற்கிறது. இறக்கை நரம்பு தெரிகிற மாதிரி இன்னொரு படம் இருக்கிறதா என்று போன மாதம்கூட ஒருவர் கேட்டிருந்தார். இல்லை.