ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு: 1981 தொடரா, 2005 படமா?

டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' 1979இல் விண்வெளி நகைச்சுவை நாவலாக வந்தது. அதைச் சினிமாவாகப் பார்க்க ரசிகர்கள் 2005 வரை காத்துக் கிடந்தார்கள். ஆடம்ஸ் 2001இலேயே இறந்துவிட்டார். ஆனால் 1981இலேயே பிபிசி அதை ஆறு பாகத் தொடராக எடுத்திருந்தது. நாவலை ரசித்தவர் எதைப் பார்ப்பது?

பிரம்மாண்டம் வேண்டுமென்றால் படம்தான், பேச்சே இல்லை. ஜிம் ஹென்சன் பொம்மைப் பட்டறை செய்த வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் அசல் அரசு அலுவலக முகங்கள்! தொடரில் இரட்டைத் தலைக்காரன் ஸாஃபோடின் இரண்டாவது தலை தோளில் சும்மா ஆடும் பொம்மை. படத்தில் அது முதல் தலைக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கிறது. எனக்கென்னவோ அந்தப் பொம்மையே தேவலை.

இந்தக் கதையின் சிரிப்பெல்லாம் வசனத்தில்தான். தொடர் அதை அவசரப்படாமல் பேசவிடுகிறது. அதில் வரும் மின்னணு வழிகாட்டி நூலின் (கதையின் தலைப்பே அதுதான்) திரை கம்ப்யூட்டர் வேலை போலத் தெரியும். உண்மையில் கையால் செய்த அனிமேஷன். படமோ நல்ல வசனங்களைச் சுருக்கிவிட்டு நாயகன் ஆர்தருக்கும் உடன் பயணிக்கும் ட்ரிலியனுக்கும் இடையிலான காதலுக்கு இடம் தருகிறது. அலுத்துக்கொள்ளும் ரோபோ மார்வினுக்கு ஆலன் ரிக்மேன் தந்த குரல் மட்டும் விதிவிலக்கு.

ஆக, முதலில் தொடர், அப்புறம் படம். நாவல் தெரியாத நண்பரோடு உட்காருகிறீர்களா? சரி, படத்தையே போடுங்கள்; தொடரின் நிதானத்தில் அவர் தூங்கிவிடுவார்.