மகளா, சம்பளத்துக்கு ஒருவரா, இல்லமா? டிமென்ஷியாவும் டர்பன் குடும்பங்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களில் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் என்று தெரிந்ததும் மூன்று யோசனைகள் வரிசையாக வரும். மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வது, சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைப்பது, முதியோர் இல்லத்தில் சேர்ப்பது. மூன்றாவதை முதலில் சொன்னவரிடம் ஒரு வாரத்துக்கு யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பாசமும் பணமும் அலசப்படும். இரவு மட்டும் பேச்சில் வராது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆயா எழுந்து நடந்தால் அவரோடு எழுந்திருக்கப் போவது யார்? நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் எடைபோடுகிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம்; அதில் எந்த வழி எத்தனை மணி நேரத்தைத் தாங்கும் என்பதே என் அளவுகோல்.

மகளிடமிருந்து தொடங்கலாம். அவளுக்கு ஈடு கிடையாது என்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஜூன் மாதத்தில் டர்பனில் ஐந்து மணியோடு வெளிச்சம் போய்விடும். நாலரைக்கே கைப்பையை மாட்டிக்கொண்டு ஆயா முன்வாசல் இரும்புக் கதவைப் பிடித்து ஆட்டுகிறார். வீட்டுக்குப் போக வேண்டுமாம். டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடுவது வழக்கம். "இதுதானே அம்மா உங்கள் வீடு" என்று வாதாடினால் ஆட்டல் இன்னும் பலமாகும். அவர் கேட்கும் வீடு, இப்போது குடியிருக்கும் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் இல்லை; டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் இருந்தது. இனவாரிக் குடியிருப்புச் சட்டக் காலத்தில், 1960களில், அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பிவிட்டார்கள். இந்தக் கதை தெரிந்த மகள், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே சமையலறைக்கு அழைத்துப் போய் ஒரு கிண்ணம் பட்டாணியை உரிக்கக் கொடுப்பாள். பையைக் கழற்றி வைத்துவிட்டு ஆயா உட்கார்ந்துவிடுவார். நேற்று நடந்தது முதலில் அழிகிறது, சிறுவயது கடைசிவரை நிற்கிறது. அந்தச் சிறுவயதைக் கேட்டு வளர்ந்தவளுக்குத்தான் இந்த வழி தெரியும்.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்திருப்பவள் அவளேதான். மறுநாள் காலை டயப்பர் மாற்றுவதும் அவள்தான். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்புவார். வேலையைத் தானாக விட்டவருக்கு இங்கே வேலையின்மைக் காப்பீட்டுப் பணமும் கிடையாது. 168 மணி நேரத்தையும் ஒருத்தி தலையில் கட்டும் ஏற்பாட்டைப் பாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது, சம்பளத்துக்கு ஒருவர். குறைந்தபட்ச ஊதியம் 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. வீட்டுப் பணியாளருக்கும் அதே விகிதம்தான். முதியோரைப் பார்த்துக்கொள்பவரும் சட்டத்தின் கண்ணில் வீட்டுப் பணியாளரே. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று பார்த்தால் மாதம் 5,600 ராண்ட் சொச்சம் வரும். ஆயாவின் முதியோர் உதவித்தொகை அதே ஆண்டில் ஏறத்தாழ 2,300. முழுநேரமும் இன்னொருவர் துணை வேண்டியவர் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அரசு கூடுதலாகத் தரும் துணைத்தொகை அப்போது 560. பலருக்கு இது இருப்பதே தெரியாது, கேட்டு வாங்குங்கள். இரண்டையும் சேர்த்தாலும் சம்பளத்தில் பாதிதான் தேறும். மீதியை அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் அறிவுரையைவிட இந்தப் பங்கு பயனுள்ளது.

"வீட்டோடு தங்கவைத்தால் ராத்திரியும் பார்த்துக்கொள்வாள்" என்று கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். அது நடக்காது. இரவு எட்டு முதல் காலை ஆறு வரை அழைத்தால் எழுந்து வரும் நிலையில் ஒருவரை இருக்கச் சொல்வதற்கு எழுத்தில் ஒப்பந்தமும் தனிப்படியும் வேண்டும். அதுவும் மாதத்துக்கு 5 முறை, ஆண்டுக்கு 50 முறைதான். பின்கட்டு அறையில் தூங்கும் பெண்ணைத் தினமும் எழுப்புவது சட்டத்துக்கும் விரோதம், நியாயத்துக்கும் விரோதம். ஆக, இந்த வழி தாங்குவது 45 மணி நேரம். பாக்கி 123 அப்படியே நிற்கிறது.

அந்த 45 மணி நேரம் மகளுக்கு வேலையையும் தூக்கத்தையும் திருப்பிக் கொடுக்கிறது என்பதை மறுக்கவில்லை. மொழி இடிக்கும் என்ற பயமும் எப்போதும் சரியல்ல. கரும்புத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்த ஆயாக்கள் சிலர், பேத்தியோடு பேசத் தடுமாறும் நாளிலும் இங்குள்ள ஆப்பிரிக்க மொழியான சூலு பேசும் பெண்ணோடு கலகலவென்று பேசுவார்கள். ஏஜென்சி மூலம் எடுப்பதா நேரடியாக வைப்பதா என்றால் நான் நேரடி என்பேன். ஏஜென்சியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் மாற்று ஆள் வரும், உண்மை. ஆனால் முகம் மாறிக்கொண்டே இருந்தால் ஆயா மிரளுவார். தினமும் பார்க்கிற ஒரே ஆளுக்குத்தான் திடீர் மாற்றம் கண்ணில் படும். இரண்டே நாளில் குழப்பம் பல மடங்கானால் பெரும்பாலும் அது டிமென்ஷியா முற்றியதல்ல. சிறுநீர்த் தொற்று போன்ற ஏதோ ஒன்று, மருந்தில் தீரக்கூடியது.

பகல்நேர மையங்கள் நல்லவைதான். ஆனால் ஆயாவை வீட்டில் கொண்டுவந்து விடும் நேரமும் பொழுது சாயும் அந்தப் பதற்ற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக விழுந்துவிடும்.

இனி இல்லம். 168 மணி நேரத்தையும் முறைவைத்துத் தாங்கக்கூடிய ஒரே வழி இது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஆரியன் பெனவலண்ட் ஹோம் 1921இல் தொடங்கியது. ஆக, நம் சமூகத்துக்கு முதியோர் இல்லம் நேற்று வந்த சங்கதி அல்ல. போய்ப் பார்க்கும்போது சுவரின் வண்ணத்தைப் பார்க்காதீர்கள். முதியோர் சட்டம், 2006இன் கீழ்ப் பதிவு இருக்கிறதா, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அமைதியில்லாதவருக்கு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மனநோய்க்கான சில மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் இறப்பு ஆபத்தையும் கூட்டும். ஆட்குறைவை மாத்திரையால் ஈடுகட்டும் இடம் வேண்டாம். அரசு மானியம் பெறும் இல்லத்தில் சேர்த்தால் அந்தத் துணைத்தொகை நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இழப்பும் உண்டு: ஆடியில் மாரியம்மன் கோயில் கூழுக்கு யாராவது போய் அழைத்து வந்தால்தான் உண்டு.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆயா இரவில் தூங்கும் வரை, பகலுக்கு முறையான சம்பளத்தில் ஒரு பெண். மாலைக்கும் இரவுக்கும் பிள்ளைகள் முறைபோட்டு. மகன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரவுகள் உடையத் தொடங்கி, வாரத்தில் பாதி நாள் வீடே விழித்திருக்கும் நிலை வந்தால், இரவுக்கு இரண்டாவது ஆள் வைக்க வசதியுள்ளவர்கள் வைக்கலாம். மற்றவர்கள் இல்லத்துக்குப் பெயர் பதிய வேண்டும். யாராவது மயங்கி விழும் வரை காத்திருப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை.

எந்த வழியானாலும் பணம் ஆயாவின் கணக்கிலிருந்து வர வேண்டியிருக்கும். மகள் பெயரில் அதிகாரப் பத்திரம் இருப்பதால் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், எழுதிக்கொடுத்தவர் சிந்தித்து முடிவெடுக்கும் திறனை இழந்ததும் அந்தப் பத்திரம் செல்லாமல் போகிறது. அதன்பின் உயர் நீதிமன்றம் மூலம் காப்பாளரை நியமிக்கச் செலவு அதிகம். சிறிய சொத்துக்கு, மனநலப் பராமரிப்புச் சட்டம், 2002இன்படி சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் நிர்வாகி நியமனத்துக்கு விண்ணப்பிப்பது மலிவான வழி. முதலில் அங்கே போய் விசாரியுங்கள். வழக்கறிஞரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.