காலி உறை துள்ளி விழாத ரைபிளுக்கு ஏற்ற பட்டறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியின் பின்வரிசையில் இருக்கும் இந்தத் துப்பாக்கிப் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் வைத்திருக்கும் ஷாட்கன்கள்தாம். ஒவ்வொரு முறையும் பூட்டுத் தண்டை, அதாவது போல்டை, கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் போல்ட் ரைபிள் அபூர்வமாகத்தான் வரும். ஆனாலும் போல்ட் ரைபிளில் எரிச்சலூட்டும் ஒரு கோளாறு உண்டு. சுட்டு முடித்து போல்டை இழுத்தால் தோட்டாவின் காலி உறை வெளியே விழாது. அதை இவர்கள் பார்க்கும் முறை பாராட்டத்தக்கது. பாகத்தை மாற்றும் பேச்சே முதலில் எழாது. தவுக்கே, அதாவது முதலாளி, கேட்கும் முதல் கேள்வி, "உறை எங்கே நிக்குது?"

அந்தக் கேள்வியில்தான் பாதி வேலை இருக்கிறது. போல்ட் பின்னால் வந்த பிறகும் உறை சேம்பரிலேயே, அதாவது தோட்டா உட்காரும் குழல் அறையிலேயே, இருந்தால் கோளாறு உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரில், அல்லது சேம்பரில். உறை போல்டோடு வந்து, வெளியே போகாமல் தோட்டாக்கள் அடுக்கிய மேகசின் மேல் படுத்துக்கொண்டால், உறையை வெளியே தள்ளும் எஜெக்டரைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் ஸ்பிரிங் வாங்கிப் போடுவது வீண் செலவு.

ரெமிங்டன் 700 போன்றவற்றில் எஜெக்டர் போல்டின் முகத்திலேயே இருக்கிறது. சின்னத் துளை, உள்ளே ஸ்பிரிங், அதன் முன்னால் ஒரு குச்சி. பட்டறையில் மேகசினும் சேம்பரும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்டைக் கழற்றி, அந்தக் குச்சியைப் பன்ச் எனும் மெல்லிய இரும்புக் கம்பியால் அழுத்திப் பார்க்கிறார்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய், விட்டதும் முழுசாக வெளியே வர வேண்டும். பாதியில் நின்றால் பித்தளைத் தூளும் காய்ந்த எண்ணெயும் உள்ளே அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். நம் ஊர் ஈரத்தில் துருவும் சேர்ந்துவிடும். சமையல் எண்ணெய் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

சுத்தம் செய்ய, குறுக்கே இருக்கும் பின்னை ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு அளவுள்ள பன்ச்சால் தட்டி எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் குச்சியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் செய்தால் ஸ்பிரிங் கண்ணுக்கு நேராகப் பாயும். துளையைச் சால்வென்ட் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்த்தி, துப்பாக்கி எண்ணெய் ஒரு துளி மட்டும் விடுகிறார்கள். அதிகம் விட்டால் அடுத்த அழுக்கு அதில்தான் ஒட்டும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் இருக்கும் கரியையும் அதே கையோடு சுரண்டி எடுப்பது இவர்களின் நல்ல பழக்கம். கொக்கி தளர்ந்தால் எஜெக்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. உறையின் விளிம்பை ஒரு பக்கம் கொக்கி பிடித்திருக்கும்போது, எதிர்ப்பக்கம் குச்சி தள்ளினால்தான் அது சுழன்று துள்ளும்.

மவுசர் 98 வகையில் கதை வேறு. அங்கே எஜெக்டர் இடப்பக்கம், போல்ட் ஸ்டாப் பெட்டிக்குள் இருக்கும் தகடு. போல்ட் முழுசாகப் பின்னால் வரும்போதுதான் உறை அதில் மோதும். மெதுவாக இழுத்தால் உறை அங்கேயே சோம்பிக் கிடக்கும், வேகமாக இழுத்தால் தூரப் போகும். அதனால் இந்த வகைக்குக் கோளாறு என்று கொண்டுவருபவர்களிடம், "கடைசி வரைக்கும் விறைப்பா இழுத்துப் பாருங்கண்ணே" என்று வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா போட்டு இழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொடுகிறார்கள். அப்படியும் விழாவிட்டால் தகட்டின் முனை உடைந்திருக்கிறதா, அதைத் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தில், 1948-இலிருந்து 1960 வரை, தோட்டக் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் பிடித்த லீ-என்ஃபீல்டிலும் எஜெக்டர் போல்டில் இல்லை. இடப்பக்கச் சுவரில் இருக்கும் சின்ன ஸ்க்ரூதான் அது.

குறிபார்க்க ரைபிளின் மேல் பூட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மறந்துவிடக் கூடாது. தாழ்வாகப் பூட்டிய ஸ்கோப்பின் வலப்பக்கக் குமிழில் உறை மோதி மீண்டும் உள்ளேயே விழுவது உண்டு. குமிழில் பித்தளைக் கீறல் தெரிந்தால் காரணம் அதுதான். இந்த இடத்தில் பட்டறையோடு உடன்பட முடியவில்லை. விசையுள்ள ஸ்பிரிங் போட்டால் தீரும் என்கிறார்கள். வேகம் கூடினால் குமிழில் மோதுவதும் கூடத்தான் செய்யும். ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட்டை உயர்த்துவதே சரியான வழி. ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கவும் கூடாது.

உறை சேம்பரில் இறுகிக்கொள்ளும் ரைபிளை இவர்கள் கையாள்வது இன்னும் பொறுப்பானது. போல்டைத் தூக்கவே கடினமாக இருந்து, உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகி, உறையின் அடியில் எஜெக்டர் துளையின் பளபளப்பான வட்டம் பதிந்திருந்தால், அழுத்தம் மிகுதி என்று சொல்லி அந்தத் தோட்டாக்களைச் சுடுவதை நிறுத்தச் சொல்கிறார்கள். வெயிலில் காருக்குள் வைத்த தோட்டாவும் அழுத்தத்தைக் கூட்டும். நீள உறையுள்ள .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டாவுக்கான சேம்பரில் குட்டையான .22 ஷார்ட் தொடர்ந்து சுட்டவர்களுக்கு வேறு தொல்லை. குட்டை உறைக்கு முன்னால் கரி வளையம் படிந்து, பிறகு நீள உறையைப் பிடித்துக்கொள்ளும். பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தாலே அது போய்விடும். சிக்கிய உறையை எடுக்க போல்ட் கைப்பிடியைச் சுத்தியலால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது சுட்ட உறைதான் என்று உறுதியானால், குழல் முனையிலிருந்து கிளீனிங் ராடால் மெல்லத் தட்டினால் போதும். சுடாத தோட்டா என்று சந்தேகம் இருந்தால் ராடை உள்ளே விடவே கூடாது, அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குறை என்றால், இங்கே சுட்டுப் பார்க்க இடமில்லை. டம்மி தோட்டாவில் நன்றாக வேலை செய்யும் எக்ஸ்ட்ராக்டர், சுட்டு விரிந்த உறையை விட்டுவிடலாம். அதனால் சரிசெய்த பிறகு அனுமதி பெற்ற ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) சோதித்தே ஆக வேண்டும். கூலியை வேலைக்கு முன்பே எழுதித் தருகிறார்கள். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படியான லைசன்ஸைக் காட்டாமல் ரைபிளைத் தொடுவதே இல்லை, அதில் பேரம் கிடையாது. காலி உறைகளை ரேஞ்சிலேயே ஒப்படைக்க வேண்டியிருந்தால், நாலைந்தின் அடிப்பக்கத்தையும் விளிம்பையும் வெளிச்சத்தில் படமெடுத்துப் போனால் போதும். கொக்கி கடித்த தடம் எந்தப் பக்கம் என்பது அதில் தெரிந்துவிடும்.